வேலையை விட்ட பிறகு வரும் பயம் எதைச் சொல்கிறது?

வேலையை விட்ட அன்றைக்கே பயம் வருவது அபூர்வம். அன்று வருவது பெரும்பாலும் நிம்மதிதான். மடிக்கணினியை ஒப்படைத்து, நாலைந்து பேரிடம் விடைபெற்று, வெளியே வந்து நின்றால் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். முதல் வாரம் தூக்கத்தில் போய்விடும். இரண்டாவது வாரம், இத்தனை நாள் தள்ளிப்போட்ட சில்லறை வேலைகளில் கழியும். பயம் அதற்கப்புறம்தான் வருகிறது, அதுவும் சொல்லிக்கொள்ளாமல்.

எனக்கு அது மூன்றாவது திங்கட்கிழமை வந்தது. அலாரத்தை அணைக்க மறந்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கு அடித்தது. பழக்கதோஷத்தில் எழுந்து, குளித்து, சட்டையும் மாட்டியாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணிக்குக் கை தானாகப் போனது, அடையாள அட்டையை எடுக்க. ஆணி மட்டும் இருந்தது. கடைசி நாளன்று அட்டையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. 'தப்புப் பண்ணிட்டோமோ?'

இந்தக் கேள்விதான் வில்லங்கம். பயம் வந்துவிட்டது, ஆகவே எடுத்த முடிவு தப்பு என்று மனது தானே கணக்குப் போட்டுவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யோசித்து, கணக்குப் பார்த்து, சரியான காரணத்துக்காக வேலையை விட்டவருக்கும் இதே பயம் வருகிறது. ஆத்திரத்தில் விட்டவருக்கும் வருகிறது. அனுப்பப்பட்டவருக்கும் வருகிறது. எல்லோருக்கும் வருகிற ஒன்றை வைத்து முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படியானால் அது எதைத்தான் சொல்கிறது?

தெரிந்த வலியும் தெரியாத வலியும்

2016ஆம் ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் கற்கள் வரும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று நிஜமான மின் அதிர்ச்சி. எந்தக் கல்லில் எவ்வளவு வாய்ப்பு என்பதை ஆட ஆட அவர்கள் கற்றுக்கொள்வார்கள், நடுவில் அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். வியர்வை, கண்பாவை விரிவது எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். பதற்றம் உச்சத்துக்குப் போனது எப்போது தெரியுமா? அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது அல்ல. வரலாம், வராமலும் போகலாம், ஐம்பதுக்கு ஐம்பது என்று இருந்தபோதுதான். வலி உறுதி என்று தெரிந்தவர் அதைவிட அமைதியாக இருந்தார்.

வேலையை விட்டவரின் மனநிலை இதில் அப்படியே இருக்கிறது. பழைய வேலை மோசமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதன் மோசம் நமக்கு மனப்பாடம். எந்த நாளில் எந்தக் கூட்டம், யார் எப்போது கத்துவார், எவ்வளவு கத்துவார், அப்புறம் எத்தனை மணிக்கு அடங்குவார் என்பதெல்லாம் தெரியும். இப்போது கத்த ஆளில்லை, ஆனால் அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. உடம்பு இந்த இரண்டாவது நிலைக்குத்தான் அதிகம் பதறுகிறது. அதனால்தான், வெறுத்து ஓடிவந்த இடத்தையே சிலருக்கு ஏக்கத்தோடு நினைக்கத் தோன்றுகிறது. அந்த ஏக்கத்தில் பாதி, அந்த இடத்தின் மேல் உள்ள ஆசையல்ல. நிச்சயத்தின் மேல் உள்ள ஆசை.

ஆபத்து என்று தோன்றினால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகும் என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915லேயே எழுதிவிட்டார். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், செரிமானம் நின்றுபோகும். புலியைப் பார்த்தால் இதெல்லாம் உபயோகம். வங்கிக் கணக்கின் மீதித் தொகையைப் பார்க்கும்போது ஓடவும் முடியாது, சண்டையும் போட முடியாது. கிளம்பிய வேகம் போக இடமில்லாமல் உடம்புக்குள்ளேயே சுற்றுகிறது. வயிறு புரளுவது அதனால்தான்.

காலையில் ஏன் அதிகம் என்பதற்கும் ஓர் எளிய காரணம் உண்டு. கார்டிசால் என்ற ஹார்மோன் விடியலை நோக்கிக் கூடிக்கொண்டே வந்து, கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். நம்மை எழுப்பி ஓட வைப்பதற்கான இயற்கை ஏற்பாடு அது. ஓடுவதற்கு இடம் இருந்தவரை அது சுறுசுறுப்பாகத் தெரிந்தது. இடம் இல்லாதபோது அதுவே படபடப்பாகத் தெரிகிறது. ஆகவே விடிகாலை நாலு மணிக்கு வருகிற எண்ணங்களுக்கு ஒரு கழிவு போட்டுக்கொள்வது நல்லது. அதே பிரச்சினையைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் அளவு சுருங்கியிருக்கும். நாலு மணிக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, யாருக்கும் மெயில் அனுப்பக் கூடாது. பழைய மேலதிகாரிக்கு நிச்சயமாகக் கூடாது.

"நீயாத்தானே விட்டே?"

1967ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்ட ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. ஓய்வு பெறுவதற்கு 45. வேறு வகை வேலைக்கு மாறுவதற்கு 36. மேலதிகாரியோடு தகராறு, 23. மொத்தம் 43 வரிகள். கையில் அடுத்த வேலை இல்லாமல் தானாக வேலையை விட்டு நிற்பவருக்கு அதில் தனியாக ஒரு வரி இல்லை. அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அட்டவணையில் இடமில்லாத அந்த நிலை இன்றைக்கும் தொடர்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலையிலிருந்து அனுப்பப்பட்டவருக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். தானாக விட்டவர் கொஞ்சம் கவலையாக முகத்தை வைத்தால், "நீயாத்தானே விட்டே?" என்ற பதில் தயாராக இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிக்கொள்வார். தானே தேடிக்கொண்டதற்கு வருத்தப்பட உரிமை இல்லை என்று நினைத்து, பயத்தை வெளியே காட்டாமல் இருப்பார். விளைவு, பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது. விரும்பி எடுத்த முடிவுக்கும் இழப்பு உண்டு. வீடு மாறுகிறவர், புது வீட்டை ஆசைப்பட்டே தேர்ந்தெடுத்திருந்தாலும், பழைய வாசலைப் பூட்டும்போது கலங்குவதில்லையா, அது மாதிரிதான்.

முடிவு சரியா என்ற கேள்விக்கு ஆராய்ச்சி ஏதாவது சொல்கிறதா? கொஞ்சம் சொல்கிறது. டாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலாளர்கள் 1994ல் வருத்தத்தின் கால வரிசையை ஆராய்ந்தார்கள். செய்த காரியத்தைப் பற்றிய வருத்தம் முதலில் சுடுகிறது, பிறகு ஆறுகிறது. செய்யாமல் விட்டதைப் பற்றிய வருத்தம்தான் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. ராஜினாமாவுக்குப் பின்னான முதல் வாரங்கள் இந்தச் சுடுகிற கட்டத்தில்தான் விழுகின்றன. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் இன்னும் விசித்திரமான ஒன்றைச் செய்தார். பெரிய முடிவில் தவிக்கும் மக்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000 தடவைக்கும் மேல் நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடலாமா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. பெரிய விஷயங்களில் 'மாற்று' என்று நாணயம் சொல்ல, அதன்படி மாற்றியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து சுண்டியவர்கள், தாமே சொன்ன மகிழ்ச்சி, ஆகவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது மாதத்துத் தவிப்பை வைத்து மொத்தக் கதையையும் எழுதிவிட வேண்டாம் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மாரியன்தால் ஆண்களின் கடிகாரம்

வேலை போனால் சம்பளம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே என்னென்ன போகும் என்பதை முதலில் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் மூவரும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியன்தால் என்ற சிற்றூர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள். ஆய்வுக் குழு அங்கே போய்த் தங்கி, பார்த்ததையெல்லாம் குறித்து, 1933ல் வெளியிட்டது.

நேரம் நிறையக் கிடைத்ததால் மக்கள் நிறையப் படித்திருப்பார்கள், நிறையக் கூடிப் பேசியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. நூலகத்தில் கட்டணமே இல்லை என்றான பிறகும் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது, எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, அதற்குள் மதியம் ஆகிவிட்டது. நடுவில் இருந்த மணி நேரங்கள் எங்கே போயின என்று அவர்களுக்கே தெரியவில்லை. பெண்கள் மட்டும் தெருவில் வேகமாக நடந்தார்கள். ஆலை வேலை போனாலும் வீட்டு வேலை அவர்களை விடவில்லை.

இதிலிருந்து யஹோடா பின்னாளில் ஒரு கருத்தை வளர்த்தார். வேலை கண்ணுக்குத் தெரிந்து கொடுப்பது சம்பளம். தெரியாமல் கொடுப்பவை ஐந்து: நாளுக்கு ஒரு சட்டகம், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஏதோ ஒன்றுக்காக உழைக்கிற உணர்வு, சமூகத்தில் ஒரு பெயர், ஓயாத ஏதோவொரு செயல். வேலையை விட்டவரின் 'பயம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இந்த ஆறு இழப்புகளின் கூட்டுத்தொகை. ஆறும் ஒரே குரலில் பேசுவதால் எல்லாமே பணக்கவலை மாதிரித் தெரிகிறது. எட்டு மாதச் செலவுக்குச் சேமிப்பு வைத்துக்கொண்டு இரவில் விழித்திருப்பவரை எனக்குத் தெரியும். அவர் பிரச்சினை பணமல்ல. பதினைந்து வருடமாகத் தன் பெயருக்குப் பின்னால் இருந்த பதவி இப்போது இல்லை, அதுதான். அவரிடம் போய்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

முதலில் எந்த இழப்பு தன்னை அதிகம் வாட்டுகிறது என்று பார்ப்பது பாதி வைத்தியம். பார்க்கும் வழியும் சுலபம். பயம் எந்த நேரத்தில், எதைப் பார்த்ததும் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் போதும். தவணைத் தேதி நெருங்கும்போது வருகிறதா, காலை ஒன்பதரைக்கு ஜன்னல் வழியாக மற்றவர்கள் கிளம்புவதைப் பார்க்கும்போது வருகிறதா, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வரும்போது வருகிறதா? மூன்றும் மூன்று வேறு பயங்கள்.

காலை ஒன்பதரைப் பயத்துக்கு மருந்து நேரத்தில்தான் இருக்கிறது. நாள் முழுவதையும் அட்டவணை போடத் தேவையில்லை, போட்டாலும் மூன்றாம் நாள் கிழிந்துவிடும். எழும் நேரம், வீட்டை விட்டு வெளியே போகும் நேரம், வேலை தேடுவதை மூடி வைக்கும் நேரம் என மூன்று ஆணிகளை அடித்துவிட்டால் நாள் அதில் தொங்கிக்கொள்ளும். மூன்றாவது ஆணிதான் முக்கியம் என்பேன். காலை முதல் இரவு வரை வேலைவாய்ப்புத் தளங்களைப் புரட்டுவது உழைப்பு மாதிரித் தெரியும், உண்மையில் அது பதற்றத்துக்குத் தீனி. இரண்டு மூன்று மணி நேரம் ஒழுங்காகத் தேடிவிட்டு மூடுவது போதும்.

எண்ணாக மாறினால் பாதி போகும்

பணப் பயத்துக்கு வருவோம். இதை 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லித் தேற்ற முடியாது, தேற்றவும் கூடாது. பணம் உண்மையிலேயே குறைந்துகொண்டிருக்கிறது. ஆனால் பாம்புச் சோதனையை மறுபடி நினைத்துப் பாருங்கள். வாட்டுவது வலியைவிட, வருமா வராதா என்று தெரியாமை. ஆகவே தெரியாததைத் தெரிந்ததாக மாற்ற வேண்டும். ஒரு வெள்ளைத்தாள் போதும். எடுக்க முடிகிற சேமிப்பு எவ்வளவு என்று மேலே எழுதுங்கள். கீழே, மாதத்தில் தவிர்க்கவே முடியாத செலவு. வாடகை, தவணை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்து, காப்பீடு. வருடத்துக்கு ஒருமுறை வருவதைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்க்க மறக்கக் கூடாது, பலர் கவிழ்வது அங்கேதான். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் வருவது மாதங்கள்.

ஐந்து என்று வந்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 'ஐந்து மாதம்' என்பதும் 'ஐயோ என்ன ஆகுமோ' என்பதும் ஒன்றல்ல. ஐந்து மாதத்துக்கு ஒரு திட்டம் போடலாம், ஐயோவுக்குப் போட முடியாது. அந்தத் தாளிலேயே இன்னொரு வரி எழுத வேண்டும்: கையிருப்பு இத்தனை மாதத்துக்குக் குறைந்தால், இன்ன தேதிக்கு மேல், பிடித்த வேலைக்குக் காத்திருக்காமல் கிடைத்ததை எடுத்துக்கொள்வேன். நான் எனக்கு இரண்டரை மாதம் என்று போட்டுக்கொண்டேன். அந்தத் தேதி வரும்வரை தினமும் 'இன்னிக்கு ஏதாவது ஒன்றை ஒத்துக்கிட்டுடலாமா' என்று என்னோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. முடிவைத் தேதியிடம் ஒப்படைத்தாகிவிட்டது.

இதைத் தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பணமுடை வந்துவிட்டால் யோசிக்கும் திறனே சுருங்குகிறது. 2013ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். கை வறண்டிருந்தபோது தடுமாறினார்கள். அவர்கள் புத்தி மாறவில்லை, புத்தியின் ஒரு பகுதியைக் கவலை வாடகைக்கு எடுத்திருந்தது. நம் கதையும் அதுதான். கடைசியாக வந்த செட்டில்மென்ட் தொகையை அப்படியே ஏதாவது தொழிலில் போடுவது, நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து, ஒரே நாளில் ஒத்துக்கொள்ளச் சொல்கிற வேலை என்று இந்த மாதங்களில் நிறைய வந்து நிற்கும். பெரிய முடிவுகளுக்கு நம்பகமான ஒருவரின் தலையையும் கடன் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வீட்டில் சொல்லாமல் இருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வழக்கம்போலக் கிளம்பி, எங்காவது உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பி வருபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதில் ஒரு நாளுக்கு மிச்சமாகும் சங்கடத்தைவிடச் செலவாகும் தெம்பு அதிகம். பொய்யைக் காப்பாற்றுவதும் ஒரு முழுநேர வேலை, அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த வெள்ளைத்தாளோடு உட்கார்ந்து சொன்னால் பேச்சு பெரும்பாலும் தாளைச் சுற்றியே போகும், உங்களைச் சுற்றி அல்ல.

"இப்ப என்ன பண்றீங்க?"

சாதாரணக் கேள்வி, வேலை இல்லாதவர் காதில் மட்டும் குற்றச்சாட்டாக விழும். அதனால் பலர் ஆட்களையே தவிர்க்க ஆரம்பிக்கிறார்கள். இதில் ஒரு சோகமான முரண்பாடு உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது, அரிதாக என்றவர்களே மீதி அத்தனை பேரும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், புதுச் செய்தி தூரத்துப் பழக்கங்களிடமிருந்துதான் வரும். வெட்கத்தில் நாம் முதலில் அறுத்துவிடுவதும் அந்தத் தூரத்துப் பழக்கங்களைத்தான்.

ஆகவே அந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். "போன மாசம் வேலையை விட்டுட்டேன். இப்ப கணக்குத் தணிக்கை பக்கம் தேடிட்டிருக்கேன், ஏதாவது காதில் விழுந்தா சொல்லுங்க." அவ்வளவுதான். ஏன் விட்டேன் என்ற புராணம் வேண்டாம், பழைய நிறுவனத்தைத் திட்டவும் வேண்டாம். முதல் இரண்டு முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும். ஐந்தாவது முறை அது வெறும் தகவல்.

தவிர்ப்பது பற்றி இன்னொன்று. பயந்ததைத் தவிர்த்தால் அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே பரிசாகி, அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லும், பயமோ அப்படியே வளரும். நான் ஒரு நிறுவனத்திலிருந்து வந்த மெயிலை நான்கு நாள் திறக்காமல் வைத்திருந்தேன். 'இல்லை' என்றுதான் இருக்கும் என்று தீர்மானித்தாகிவிட்டது. ஐந்தாம் நாள் திறந்தால், எந்த நாள் பேச வசதி என்று கேட்டிருந்தார்கள், அவர்கள் கொடுத்த கடைசி நாள் முந்தைய தினம். இதற்கு விளக்கம் எழுதுவது எவ்வளவு அசிங்கம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கப்புறம் மெயில்களைத் திறக்க ஒரு நேரம் வைத்தேன், காலை பதினொன்று. என்ன வந்திருந்தாலும் அந்த நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடுவது.

நிராகரிப்பு வரத்தான் செய்யும். அதற்கு முன்கூட்டியே தயாராவது ஒரு திறமை என்று நினைத்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். வேலை தேடுபவர்களுக்கு அவர்கள் நடத்திய பயிற்சியில், விண்ணப்பம் எழுதுவதோடு, 'பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள், இன்டர்வியூ சொதப்பினால் மறுநாள் என்ன செய்வீர்கள்' என்பதையும் முன்னாலேயே யோசிக்க வைத்தார்கள், தடுப்பூசி போடுவது மாதிரி. 1989ல் வெளியான முடிவில், பயிற்சி பெற்றவர்களுக்கு வேலையும் நன்றாகக் கிடைத்தது, கிடைக்காதவர்களும் முயற்சியைக் கைவிடாமல் இருந்தார்கள். 'நல்லதே நடக்கும் என்று நினை' என்ற அறிவுரைக்கு நேர் எதிரான வழி இது. எனக்கு இதில்தான் நம்பிக்கை.

எழுதுவதும் மூச்சும்

பழைய இடத்தின் மேல் கோபம் இருந்தால் அது இன்டர்வியூவில் எப்படியாவது எட்டிப் பார்க்கும். 1994ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வேலை இழந்த 63 பேரில் ஒரு பிரிவினரை, ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், வேலை போனதைப் பற்றிய உணர்ச்சிகளை ஒளிவுமறைவில்லாமல் எழுதச் சொன்னார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இது. மற்றவர்கள் சாதாரண விஷயங்களை எழுதினார்கள் அல்லது எழுதவே இல்லை. எட்டு மாதத்தில், உணர்ச்சிகளை எழுதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முழுநேர வேலையில் இருந்தார்கள், மற்றவர்களில் கால்வாசிப் பேர்கூட இல்லை. எழுதியவர்கள் அதிக வேகத்தோடு வேலை தேடவில்லை. பழைய வேலையைப் பற்றிய மனநிலைதான் மாறியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் இருபது நிமிடமும் ஒரு பேனாவும் யாரிடமும் இருக்கும். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம்.

நாள் முழுக்க நச்சரிக்கும் கவலைக்கு இன்னொரு பழைய உத்தி உண்டு. டாமஸ் போர்கோவெக் குழு 1983ல் சோதித்தது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'ஆறு மணிக்கு வா' என்று ஒத்திவைப்பது. கேட்கச் சிரிப்பு வரும். கவலைப்படாதே என்றால் மனம் கேட்காது, அப்புறம் கவலைப்படு என்றால் ஓரளவு கேட்கிறது. ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பாதிக் கவலைகள் ஞாபகத்துக்கே வருவதில்லை. நேரத்தைப் படுக்கப்போகும் வேளைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

உடம்பு படபடக்கும் அந்த நிமிடத்துக்கு, வெளிமூச்சை நீட்டுவது உதவும். மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாய் வழியாக மெதுவாக நீளமாக விடுவது. தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடவும் மேம்பட்டதாக ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023ல் எழுதினார்கள்.

இதற்கெல்லாம் அடங்காத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியாக இல்லை, எதிலும் நாட்டமில்லை, குளிக்கக்கூட முடியவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும். நெஞ்சு அடைக்கிறது என்றால் அதைப் பதற்றம் என்று நாமே முடிவு கட்டாமல் முதலில் இதயத்தைச் சோதித்துவிட வேண்டும். உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு, அவரோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும் அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் மருத்துவச் செலவா என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. அந்த வெள்ளைத்தாளில் மருந்துக்கு ஒரு வரி போடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

புது வேலை கிடைத்த அன்றே பயம் போய்விடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆன பிறகும், மேலதிகாரி "ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்றால் வயிறு புரளும். அவர் கேட்பது அச்சு இயந்திரத்தில் தாள் எங்கே இருக்கிறது என்பதாக இருக்கும். புது அடையாள அட்டையைக் கொஞ்ச காலம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆணியில் மாட்ட ஆரம்பித்தது நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, சரியாக ஞாபகமில்லை.